வாத்தியாருக்குப் பாடம் சொன்னது யார்?
(தோட்டப் பள்ளி ஆசிரியர் பயிற்சியின் வரலாறு)



பரிசளிப்பு விழா மலரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் தேடுவது நம் பிள்ளையின் பெயரைத்தான். அது நியாயமே. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் நிற்கிறார். அந்த ஆசிரியருக்குப் பின்னால் யார் நிற்கிறார்? பிள்ளைக்கு வாத்தியார் பாடம் சொன்னார், சரி. வாத்தியாருக்குப் பாடம் சொன்னது யார்?

"அதெல்லாம் நமக்கென்னாத்துக்கு? அது அரசாங்கத்தோட வேலை" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லிவிட முடியாது என்பதைத்தான் இக்கட்டுரை எடுத்துக் காட்ட விரும்புகிறது. நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நூறாண்டுக் கல்விக் கதையைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளின் எழுத்தறிவு உயர்ந்ததும் தேங்கியதும் ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சியை ஒட்டியே நடந்திருக்கின்றன. இன்று நம் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் தடுக்கி விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அது எப்படி உண்டானது என்பதும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

சட்டம் வந்தது, ஆசிரியர் வரவில்லை

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தைச் சொல்பவர்கள் 1816-ல் பினாங்கில் தோன்றிய ஃபிரீ ஸ்கூலையும், அதனோடு சேர்ந்து பிறந்த தமிழ் வகுப்பையும் குறிப்பிடுவது வழக்கம். தோட்டப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கின் வெளிச்சம் வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பேராக், சிலாங்கூர், பகாங், நம் நெகிரி செம்பிலான் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1912-ல் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. 1923-ல் புதுச் சட்டமும் வந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரும் அதற்கு மேலும் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்ற கடமை இப்படித்தான் சட்டமானது.

லின்சம், சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் என்று பால்மரம் நின்ற இடமெல்லாம் தமிழ்ப் பள்ளி முளைத்ததற்கு இந்தச் சட்டமே முக்கியக் காரணம். 1938-ல் கூட்டு மலாய் மாநிலங்களில் மட்டும் 511 தோட்டப் பள்ளிகள் இருந்தன என்பது கணக்கு.

கட்டடம் வை என்று சட்டம் சொல்லிற்று. ஆனால் உள்ளே நின்று பாடம் சொல்கிறவர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும்? அதைப் பற்றித் தோட்டத் துரைமார் பெரிதாகக் கவலைப்படவில்லை. நாலு எழுத்துத் தெரிந்த கங்காணி, ஆபீஸில் செக்ரோல் எழுதும் கிராணி, இல்லையென்றால் ஊரிலிருந்து வரும்போதே கொஞ்சம் படித்திருந்த பால்வெட்டுத் தொழிலாளி, இவர்களே பல இடங்களில் வாத்தியார் ஆனார்கள். லயத்து அறையோ ஒரு கொட்டகையோ பள்ளிக்கூடம் ஆயிற்று. ஒரே வாத்தியார், ஒரே அறை, நாலு வகுப்பு. பாடப்புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தன.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் நம் பாட்டன்மாருக்குக் கையெழுத்தே வந்திருக்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் 14 வயது வரை பேசியது. பெரும்பாலான தோட்டப் பள்ளிகளோ நாலாம் வகுப்போடு நின்றன. அதற்கு மேல் சொல்லித்தர ஆளும் இல்லை, சொல்லித்தரவேண்டும் என்ற எண்ணமும் நிர்வாகத்துக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளை வேலைக்காட்டுக்குப் போய்விட்டது. வளரும் பிள்ளையின் படிப்பு அன்றைக்கே அறுந்துபோன நூல்தான்.

மற்றவர்களுக்குக் கல்லூரி, நமக்கு வார இறுதி

மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக 1900-ல் மலாக்காவில் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. 1922-ல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அங்கிருந்து வெளிவந்த ஆசிரியர்கள் கிராமம் கிராமமாகச் சென்று பாடம் சொன்னதோடு, புத்தகம் எழுதினார்கள், இதழ் நடத்தினார்கள், ஒரு சமுதாயத்தையே விழிக்க வைத்தார்கள். ஆசிரியருக்குக் கல்லூரி கட்டினால் என்ன விளையும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே இருக்கும் சான்று அது.

தமிழ் ஆசிரியருக்கு அப்படியொரு கல்லூரி கிடைக்கவில்லை. 1936-ன் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்வையிட்டார். 1937-ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. தமிழ்ப் பள்ளிகளின் நிலை பற்றி இந்தியாவிலிருந்து கண்டனம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நாள்களில்தான் தமிழ்ப் பள்ளிகளுக்கு முறையான ஆய்வாளரும் ஆசிரியர் பயிற்சித் திட்டமும் ஏற்பட்டன. வாரம் முழுதும் தோட்டத்தில் பாடம் நடத்திவிட்டு, விடுமுறை நாளில் வண்டி பிடித்துப் பட்டணத்துக்குப் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நம் பழைய வாத்தியார்கள். 'நார்மல் வகுப்பு' என்று அதைச் சொல்வார்கள். அதுவும் வேர் பிடிப்பதற்குள் 1942-ல் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். சயாம் மரண ரயில்பாதை நம் தோட்டத்து ஆண்களை வாரிக்கொண்டு போயிற்று. பள்ளிகள் சிதறின.

பத்திரிகை நடத்திய பள்ளிக்கூடம்

போருக்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. கல்லூரி கிடைக்காத தமிழ் ஆசிரியர்களுக்கும் இளைஞர்களுக்கும் பத்திரிகையே கல்லூரியாக நின்றது. 1924-ல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழில், 1950-ஐ ஒட்டி, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பாடம் வரும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். அதைத் திருத்திச் சொல்வார்கள். பங்கு பெற்றவர்களில் தோட்டப் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி நடத்திய 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றத்துக்கு இடம் கொடுத்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் தங்கள் பெயரை அச்சில் பார்த்துப் பூரித்தார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் தெரியுமா? அன்றைக்குத் தோட்டத்துக்குள் வந்த 'தொழில்நுட்பம்' அந்தப் பத்திரிகைதான். அதை வெறுமனே வாங்கிப் போட்டதனால் யாரும் எழுத்தாளர் ஆகவில்லை. பத்திரிகைக்குப் பின்னால் திருத்திக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். எழுதச் சொன்னார், படித்துப் பார்த்தார், இங்கே சரியில்லை, இப்படி மாற்று என்றார். கருவியும் ஆசிரியரும் கைகோத்தபோது வளரும் பிள்ளைக்கு எழுத்து வசப்பட்டது.

விடுதலையும் ஆறாம் வகுப்பு வாசலும்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே கெர்க்பி என்ற இடத்தில் மலாயா ஆசிரியர்களுக்காகவே ஒரு பயிற்சிக் கல்லூரி 1950-களில் நடந்தது. 1956 பிப்ரவரியில் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே போய், நாடு விடுதலை பெறப்போகும் நாளை அந்தப் பயிற்சி ஆசிரியர்கள் முன்னிலையில்தான் அறிவித்தார். புதிய நாட்டைக் கட்டுவதில் ஆசிரியருக்கு இருந்த இடத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 1956-ல் ரசாக் அறிக்கை வந்தது. 1957-ல் கல்விச் சட்டம் வந்தது. தமிழ்ப் பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் தொடக்கப் பள்ளிகளாக இடம் பெற்றன. ஆசிரியர் சம்பளம் துரையின் மனத்தைப் பொறுத்தது என்ற நிலை மாறி, அரசாங்க முறைக்கு வந்தது. பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பிறகு தோட்டத் துண்டாடல், இடமாற்றம், சிறு பள்ளிகளின் இணைப்பு என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் போய்த் தாமான் வந்தது. ஆனாலும் நம் மாநிலத்தில் இன்றும் பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் நுழைவுத் தேர்வு ஒன்று வாசலில் நின்றது. அதில் தேறாத பிள்ளைக்கு இடைநிலைப் பள்ளி இல்லை. 1965 முதல் அந்த வாசல் திறந்தது. எல்லாப் பிள்ளைகளும் மேலே போகலாம் என்றாயிற்று. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து போகிறவர்களுக்கு மொழி மாற்றத்துக்காகப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டும் வைத்தார்கள்.

வாசல் திறந்தது, சந்தோஷம். ஆனால் வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? 1973-ல் அரசாங்கமே வெளியிட்ட முராட் அறிக்கை பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவதை ஆராய்ந்தது. ஏழ்மைக்கும் இடைநிறுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. தோட்டத்துப் பெற்றோருக்கு இது தெரியாத சங்கதியா? "படிவம் ஒண்ணு வரைக்கும் போனான், அப்புறம் ஏறல" என்ற பேச்சைப் பெரட்டுக்களத்தில் எத்தனை முறை கேட்டிருப்போம்!

கருவிகள் வந்த கதை

இனிக் கருவிகளின் வரலாற்றைப் பார்ப்போம். கல்விக்கான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1972 ஜூன் மாதம் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பல தோட்டங்களில் மின்சார என்ஜின் பொழுது சாய்ந்த பிறகுதான் ஓடும். பாடம் ஒளியேறும் நேரத்தில் பெட்டி ஊமையாக இருந்தது.

2003-ல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், வகுப்புக்குத் திரையும் படவீழ்த்தியும், பாடக் குறுந்தட்டும் வந்தன. அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவை அரசாங்கம் 2009-ல் அறிவித்தது. பிறகு 1பெஸ்தாரிநெட் என்ற இணையத் திட்டமும், 'ஃபிராக்' என்ற மெய்நிகர் வகுப்பறையும் நாடெங்கும் பள்ளிகளுக்கு வந்தன. அந்த மெய்நிகர் வகுப்பறையைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-ல் அந்தத் திட்டம் முடிந்தது. 2020 மார்ச் 18-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடின. அந்த ஆண்டு 'டெலிமா' என்ற இணையக் கற்றல் தளம் வந்தது. ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்று தவித்த குடும்பங்கள் எத்தனையோ.

இவற்றிலிருந்து என்ன தெரிகிறது? கருவியைக் கொண்டுவந்து இறக்குவது ஒரு நாள் வேலை. அந்தக் கருவியால் ஒரு பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்று ஆசிரியருக்குக் கற்பிப்பது பல ஆண்டு வேலை. முதல் வேலையை நாம் திரும்பத் திரும்பச் செய்தோம். இரண்டாவதைக் குறைவாகச் செய்தோம். பால் வெட்டத் தெரியாதவன் கையில் புதுக் கத்தியைக் கொடுத்தால் மரத்துக்குத்தானே காயம்?

பட்டதாரி ஆசிரியர் வந்தார்

நல்ல செய்தியும் உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி நீண்ட காலம் சான்றிதழ் அளவில் இருந்தது. 1996-ல் டிப்ளோமா ஆயிற்று. 2007-ல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் இளங்கலைப் பட்டப் பயிற்சி தொடங்கியது. பழைய பயிற்சிக் கல்லூரிகள் ஆசிரியர் கல்விக் கழகங்களாக உயர்ந்தன. அவற்றில் ஒன்றான ராஜா மெலவார் வளாகம் நம் சிரம்பானிலேயே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-ல் தோன்றியது. கல்வித் துறை 1963-ல் தோன்றியது. 1922-ன் சுல்தான் இட்ரிஸ் கல்லூரி 1997-ல் கல்வியியல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும் பட்டம் பெறுகிறார்கள். முதுகலைப் படிப்பும் நம் ஆசிரியர்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. செக்ரோல் கிராணியிலிருந்து முதுகலைப் பட்டதாரி வரை நம் வாத்தியார் நடந்து வந்த தூரத்தை எண்ணிப் பாருங்கள். நெஞ்சு நிமிர்கிறதல்லவா?

பதின்மூன்று வயதுப் பள்ளம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நம் நாட்டில் எழுத்தறிவுக்கென்று வந்த பெரிய முயற்சிகள் எல்லாம் சிறு பிள்ளைகளைக் குறித்தவை. 1983-ல் நாடெங்கும் வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் படித்தல், எழுதுதல், எண்ணுதல் என்ற மூன்றையும் முன்வைத்தது. 2010-ல் வந்த 'லினுஸ்' திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்துக் கைதூக்கிவிட்டது. இரண்டுமே தொடக்கப்பள்ளிக்கானவை. அதற்குப் பிறகு? ஆறாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, பதின்மூன்று வயதில் மலாய்மொழியில் வரலாறும் அறிவியலும் படிக்கப் போகிறது. தமிழோ, பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது.

அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால் அம்மையார் 1983-ல் எழுதிய நூலில் வாசிப்பைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதலில் பிள்ளை படிக்கக் கற்கிறது. பிறகு, படித்துப் படித்து மற்றவற்றைக் கற்கிறது. நம் தோட்ட மொழியில் சொன்னால், செக்ரோலில் அப்பா பெயரைத் தேடிப் படிப்பது ஒரு படிப்பு. இந்த மாதக் கூலி ஏன் குறைந்தது என்று சீட்டைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு படிப்பு. இரண்டாவது தானாக வராது. அதையும் ஒருவர் சொல்லித்தரவேண்டும்.

யார் சொல்லித்தருவது? தொடக்கப்பள்ளி ஆசிரியர் "என் கையை விட்டுப் போய்ட்டான்" என்கிறார். இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் "வாசிக்கச் சொல்லித்தர்றது என் பாடம் இல்ல" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இந்த வயதுக்கு வாசிப்புக் கற்பிக்கும் பயிற்சி இருவருக்கும் போதுமானதாக இல்லை.

இதன் விலை என்ன தெரியுமா? 15 வயதுப் பிள்ளைகளை உலகெங்கும் சோதிக்கும் 'பீசா' ஆய்வில், வாசிப்பில் மலேசியா 2018-ல் பெற்ற சராசரி 415 புள்ளி. 2022-ல் அது 388 ஆகச் சரிந்தது. அந்த ஆண்டு வளர்ந்த நாடுகளின் சராசரி 476. அடிப்படை நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு 42 பேர் மட்டுமே. இது எல்லா இனப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. ஆகவே இது தமிழ்ப் பிள்ளையின் குறை என்று யாரும் விரல் நீட்டவேண்டாம், நாட்டின் பள்ளம். ஆனால் மொழி மாறிப் போகும் நம் பிள்ளைக்குப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழம்.

அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஓர் அறிக்கை, பதின்ம வயது வாசிப்பை உயர்த்த 15 கூறுகளை வகுத்துச் சொன்னது. பொருள் புரிந்து படிக்கும் வழியை வெளிப்படையாகக் கற்பித்தல், வரலாறு அறிவியல் பாடங்களுக்குள்ளேயே வாசிப்பைக் கற்பித்தல், கூடுதல் நேரம், பிள்ளைகள் கூடிப் படித்தல் ஆகியவை அவற்றுள் சில. தொழில்நுட்பமும் 15-ல் ஒன்று. ஒன்றுதான்! ஆசிரியருக்கு நீண்டகாலப் பயிற்சியும், பிள்ளையின் நிலையை அடிக்கடி அளந்து பார்ப்பதும் இல்லாவிட்டால் மற்றவற்றால் பெரும் பயன் இல்லை என்பது அந்த அறிக்கையின் கருத்து. நம் தோட்ட வரலாறு நூறாண்டாகச் சொல்லிவரும் செய்தியும் இதுவே.

அப்படிப் பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியர் என்ன செய்வார்? வகுப்பில் பின்தங்கிய பையனை 'மக்கு' என்று ஒதுக்கமாட்டார். எழுத்துக் கூட்டுவதில் சிக்கலா, சொற்பொருள் தெரியவில்லையா, வாக்கியத்தின் போக்குப் பிடிபடவில்லையா என்று முதலில் கண்டுபிடிப்பார். கைப்பேசியில் அவன் வாசிப்பதைப் பதிவு செய்து அவனுக்கே கேட்கக் கொடுப்பார். ஒலியைக் கேட்டுக்கொண்டே பக்கத்தைப் படிக்க வைப்பார். கணினியில் எழுதவைத்து, திருத்தி, மறுபடி எழுதவைப்பார். எழுபது ஆண்டுக்கு முன் பத்திரிகையில் நடந்த கதை வகுப்பும் இதைத்தானே செய்தது?

நாம் செய்யவேண்டியது

பெற்றோர்களே! பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் "எத்தனை கம்ப்யூட்டர் வாங்கினீங்க?" என்று கேட்கிறோம். இனி அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "நம்ம வாத்தியாருங்களுக்கு இந்த வருஷம் என்ன பயிற்சி கிடைச்சது?" ஓர் ஆசிரியர் மேற்படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ போனால், "வகுப்பை விட்டுட்டுப் போய்ட்டாரே" என்று முகம் சுளிக்காதீர்கள். அவர் கொண்டுவரப்போவது உங்கள் பிள்ளைக்கான சொத்து. இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமென்று கேட்க பதினைந்து பேர் வேண்டும்; அந்தப் பதினைந்தில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.

பாட்டாளிப் பெருமக்களே! எழுத்துத் தெரியாத வீட்டிலும் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியும். "என்னாப்பா அதுல போட்டிருக்கு? எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை தன் சொந்தச் சொல்லில் எடுத்துச் சொன்னால், புரிந்து படித்திருக்கிறது என்று அர்த்தம். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே! ஆறாம் வகுப்போடு வாசிப்பு முடிந்துவிடவில்லை. படிவம் ஒன்றில் புத்தகம் புரியவில்லை என்றால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். "சார், இந்த இடம் புரியலை" என்று கையைத் தூக்குங்கள். உங்களில் ஒருவர் நாளைக்குப் பட்டம் பெற்ற ஆசிரியராக இதே நெகிரி செம்பிலானுக்குத் திரும்பி வரவேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தைத் தாண்டவைக்க வேண்டும்.

நம் பாட்டன்மார் காலத்தில் சட்டம் பள்ளியைக் கொடுத்தது. நம் தந்தையர் காலத்தில் விடுதலை வாசலைத் திறந்தது. நம் காலத்தில் ஆசிரியருக்குப் பட்டமும் கருவியும் வந்துவிட்டன. வளரும் பிள்ளைக்கு வாசிப்பைக் கற்றுக்கொடுக்கும் கலையையும் அந்த ஆசிரியருக்குக் கிடைக்கச் செய்வது மீதமிருக்கிறது. அது நம் தலைமுறையின் கடன். அதைத் தீர்ப்போம்.

வளர்க கல்வி! வாழ்க தமிழ்!